மேனேஜர் ஆகுமுன் ஒரு பிளக்ஸ்

மூணாறு ரிசார்ட் ஒன்றில் டியூட்டி மேனேஜர் இடம் காலியானதும், ஜெனரல் மேனேஜர் ஜிஜி சார் ஒரு காரியம் செய்தார். அந்த வேலைக்கு ஆசைப்பட்ட ஊழியர்களுக்கெல்லாம் வாட்சப்பில் சில புத்தகங்களின் பெயர்களை அனுப்பி, படித்துவிட்டு இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார். நேர நிர்வாகம், நல்ல பழக்கம், பேச்சுத் திறமை, தன்னம்பிக்கை என்று வேலைக்குப் போகிறவர் தலையில் எதையெல்லாம் ஏற்றலாமோ அத்தனையையும் ஏற்றுகிற புத்தகங்கள்.

ரிசப்ஷனில் வருஷக்கணக்காக நின்றுகொண்டே சிரித்த மோனிஷாவுக்கு அந்த வேலை கண்டிப்பாக வேண்டும். அம்மா வேலுத்தாய் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். முழங்கால் போய்விட்டது. வேலையை விடலாம் என்றால் எஸ்டேட் கொடுத்த வீட்டையும் சேர்த்து விட வேண்டும். டியூட்டி மேனேஜருக்கு ரிசார்ட்டில் குவார்ட்டர்ஸ் உண்டு. அது கிடைத்த மறுநாளே அம்மாவைக் கூடையை இறக்கி வைக்கச் சொல்லிவிடலாம்.

பட்டியலில் முதல் புத்தகத்தைத் தமிழில் வாங்கி வந்தாள். அதிகாலையில் எழு, குளிர்ந்த நீரில் குளி என்று ஆரம்பித்தது. மூணாற்றுக் குளிரை அறியாத மகராசன் எழுதியது என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் அத்தியாயம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடி முன் நின்று, நீ ஆக நினைப்பதை ஆகிவிட்டதாகவே சொல்ல வேண்டுமாம். அதையும் முணுமுணுக்கக் கூடாது, வாய்விட்டு உரக்கச் சொல்ல வேண்டுமாம்.

எழுதினவருக்கென்ன, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு தனியறை இருந்திருக்கும். மோனிஷா குடியிருந்தது எஸ்டேட் லயத்தில். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் லயம் மொத்தமும் வேலைக்குப் போகும்வரை காத்திருந்தாள். அன்று காலை அக்கம்பக்கத்தில் பேச்சுமூச்சில்லை, அம்மாவும் வெளியே போயிருந்தாள். சரி, எல்லோரும் தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கண்ணாடி முன் நின்று, "நான் மேனேஜர்! நான் மேனேஜர்! முடிவெடுக்கிறது நான்தான்!" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். லயத்துச் சனம் லீவு நாளானதால் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

திங்கள் சாயங்காலம் மோனிஷா வேலை முடிந்து வந்தபோது, ரிசார்ட்டுக்குத் திரும்பும் முக்கில் ஆளுயரத்துக்கு அவளே பட்டுச்சேலையில் நின்று கும்பிட்டாள். பிளக்ஸ் போர்டு! ‘மேனேஜராகப் பொறுப்பேற்கும் எங்கள் லயத்துத் தங்கமே, வருக!’ கீழே லயத்து முகங்கள் வரிசையாக. கூலிங்கிளாஸ் போட்ட முகம், ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டு சிவப்பிரகாஷ்.

மோனிஷா ஓட்டமும் நடையுமாக லயத்துக்கு வந்து சிவப்பிரகாஷைப் பிடித்தாள். "அண்ணே, நாளைக்குத்தான் இன்டர்வியூவே! எங்க ஜி.எம். தெனமும் அந்த வழியாத்தான் வர்றாரு. தயவுசெஞ்சு கழட்டிருங்கண்ணே!"

"கட்டுனத ஒடனே கழட்டக் கூடாதும்மா, ராசி கெட்டுப்போகும்," என்று அவன் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை, இன்டர்வியூவுக்கு முன்னாலேயே வில்லங்கம் வந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ரிசப்ஷனில் கூச்சல் போட்டது. பள்ளத்தாக்கு தெரியும் அறைக்குப் பதிவு செய்திருந்தார்கள். அதை யாரோ தவறுதலாக வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். "மேனேஜரக் கூப்பிடுங்க!" என்று மேசையைத் தட்டிய பெரியவர், மோனிஷாவைப் பார்த்ததும் அடங்கினார். "அட, நீங்கதானம்மா அந்த பிளக்ஸ்ல இருக்கது? நீங்களே சொல்லுங்க!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பெரியவருக்குப் பின்னால் ஒரு குழந்தை பயணக் களைப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தது. கேட்டு அனுமதி வாங்க ஜிஜி சார் இன்னும் வந்து சேரவில்லை. பெரிய சூட் அறை ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. அதன் சாவியை எடுத்து நீட்டினாள். "தப்பு எங்க மேலதாங்கய்யா. பழைய வாடகைக்கே இதுல தங்கிக்கங்க. மொதல்ல பிள்ளைக்குப் பால் அனுப்புறேன்." பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்டர்வியூவில் ஜிஜி சார் முதலில் அவள் விண்ணப்பத்தைப் புரட்டினார். பிறகு, "பிளக்ஸ் கண்டேன். போட்டோ நல்லாயிருக்கு," என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

மோனிஷா எதையும் மறைக்காமல் சொன்னாள். புத்தகம், கண்ணாடி, நடுச்சுவர், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும். பட்டியலில் பாதிகூடப் படிக்கவில்லை என்பதையும்.

ஜிஜி சார் சிரிக்கவில்லை. "சூட் ரூம் கொடுக்க ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நான்தான் கொடுத்தேன்."

"தப்பாப் போயிருந்தா?"

"அதுக்கும் நான்தான் சார் பதில் சொல்லணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மத்தவங்க எல்லாப் புத்தகமும் படிச்சு மனப்பாடமா ஒப்பிச்சாங்க. அதுல எழுதியிருக்கிறதச் செஞ்சது நீ ஒராளு மாத்ரம். ஒண்ணாந்தேதி சார்ஜ் எடுத்துக்கோ. குவார்ட்டர்ஸ் சாவி ஆபீஸ்ல வாங்கிக்கோ." அப்புறம்தான் சிரித்தார்.

மோனிஷா லயத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வாசலெல்லாம் ஆள் கூடிவிட்டது. வேலுத்தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் மோனிஷாவுக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"எல்லாரும் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல? கெடைக்காமப் போயிருந்தா என் மானம் என்னாகியிருக்கும்? வேலை கெடைச்சிருச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களே!"

பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, அப்ப இன்னும் கெடைக்கலேன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ தெனமும் ராவுல ஒங்கம்மாகிட்ட, கெடைக்குமா கெடைக்குமான்னு பொலம்புனதும் இதே செவத்து வழியாத்தான வந்துச்சு? ஆனதுக்கு அப்புறம் பிளக்ஸ் வைக்க ஊருபட்ட ஆளு வரும். ஆகுறதுக்கு முன்னாடி வைக்க எங்களை விட்டா ஒனக்கு யாரு இருக்கா?"

மோனிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்றாம் தேதிக்கு அப்புறம் இந்தச் சனத்தை விட்டுப் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செபமாலையம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

சிவப்பிரகாஷ் ஜீப் சாவியோடு வந்து நின்றான். "சரிம்மா, இன்டர்வியூ முடிஞ்சிருச்சுல்ல. நான் போயி அந்த போர்டக் கழட்டிரவா?"

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்ணே."