சுருதி இறங்கியபோது

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தையே சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. 1993 என்று எழுதுகிறேன். 94 ஆகவும் இருக்கலாம். மயிலாப்பூரில், இப்போது இல்லாத ஒரு நர்சிங் ஹோம்.

என் மனைவி ஜெயபாரதி மயக்க மருந்து டாக்டர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் தன் கருவிகளோடு போக வேண்டிய காலம். புதிதாக வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடையாற்றிலிருந்து என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வருவாள். பாலத்தின் மேல் காற்று அடிக்கும். நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். அந்த மௌனத்தைப் போல ஒன்று பிறகு கிடைக்கவில்லை.

நோயாளியின் விரலில் ஒரு கிளிப். அதற்குள் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ‘டிங்’ என்னும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த ‘டிங்’கின் சுருதி இறங்கும். அந்தக் கருவி வருவதற்கு முன்பு, நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதாஸ்கோப்பும் உதட்டின் நிறமும்தான்.

2

“மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்” என்று தொடங்கியிருந்தேன். மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

குழந்தையின் பெயர் அதீபா. ஆறு வயது. டான்சில் ஆபரேஷன். கல்யாணப் பெண்ணுக்கு வைப்பதுபோல மருதாணி வைத்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அவள் அம்மா ஜமீலுன்னிசா, கறுப்பாகப் பிடிக்கட்டும் என்று தலைச்சாயமும் கலந்து, கைவிரல் கால்விரல் எல்லாவற்றிலும் வைத்துவிட்டாள். அதைத் தாண்டி வெளிச்சம் போகத் திணறியது. குழந்தை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே கருவி ஆக்ஸிஜனைக் குறைத்துக் காட்டியது.

“மருதாணிம்மா அது. மெஷின் பேச்சைக் கேட்டுண்டிருந்தா ஆபரேஷன் நாளைக்குத்தான் முடியும்” என்றார் சர்ஜன் ராமானுஜம். எல்லோரும் சிரித்தார்கள். (நான் பார்க்கவில்லை. ஜெயா சொன்னது.)

3

நான் கதவுக்கு வெளியே, பெஞ்சில், கையில் புத்தகத்தோடு. பக்கத்தில் அதீபாவின் அப்பா கரீமுல்லா. பாண்டி பஜாரில் தையற்கடை.

“இன்னா சார், உள்ள டிங் டிங்னு?”

“உங்க பொண்ணோட இதயத் துடிப்பு.”

“அட! ரேடியோல வுட்டா மாதிரி கீதே!”

கொஞ்ச நேரம் கழித்துச் சுருதி இறங்கத் தொடங்கியது. ஒரு படி. இன்னொரு படி.

“தாலாட்டு கணக்கா எறங்குது சார்” என்றார். “நல்லாத் தூங்குறா போல.”

அவருக்கு நான் சொன்ன பதில்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஒரு வரைவில் அவர் தோளில் கை வைத்தேன். இன்னொன்றில் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். இரண்டும் நடக்கவில்லை. நான் புத்தகத்தில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.)

4

உள்ளே நடந்ததற்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் கருவி காப்பாற்றுகிறது. மற்றதில் என் மனைவி கருவியை ஒதுக்கிவிட்டுத் தன் காதாலேயே ஆபத்தைக் கண்டுபிடிக்கிறாள். இரண்டாவதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

“சொந்தப் பொண்டாட்டிய இப்படித் தூக்கி வெச்சா எவன் நம்புவான்?” என்றாள். “நானும் மொதல்ல மருதாணின்னுதான் நெனச்சேன். அத எழுதுங்க.”

“அப்புறம்?”

“வெச்ச மருதாணி வெச்சபடிதானே இருக்கு? குறைச்சுக் காட்டறது வேற, குறைஞ்சுக்கிட்டே போறது வேறன்னு அப்பத்தான் உறைச்சுது. வாயைத் திறந்து பிடிக்கிற இடுக்கிய எடுங்க சார்னேன். ‘ஒரு தையல் பாக்கி, இரும்மா’ன்னார். இப்பவே எடுங்கன்னு கத்தினேன். அதுக்குக் கீழ, மூச்சுக்காக நான் வாய் வழியா விட்டிருந்த குழாய் நசுங்கிக் கிடந்துது.”

“நீ கத்தினது எனக்குக் கேக்கவே இல்லையே.”

“கரீமுல்லா பாய்க்குக் கேட்டுது. வெளிய வந்ததும், யாரத் திட்டினீங்க டாக்டரம்மான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

ஜெயா வரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

5

அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மகள் பிழைத்து வந்திருக்கும் அப்பாவிடம், அவள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பினாள் என்று சொல்லலாமா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். அதீபா ஆம்பூரில் பள்ளி ஆசிரியை. ஜமீலுன்னிசா அவளோடு இருக்கிறார். ராமானுஜம் பெங்களூருக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஜெயா வேலையை விட்டுவிட்டாள். கரீமுல்லா இறந்துவிட்டார், தெரிந்துகொண்டா, தெரியாமலேயா என்று நான் கேட்டதில்லை.