மணிக்காரரின் பை

சூப்பர்வைசரின் கை பையின் வாரைத் தொட்டதும் அவள் முழங்காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"பேனல் சாவி உள்ள இருக்கும்மா. அதை மட்டும் எடுத்துக்கறேன்," என்றார் அவர், குரலைத் தணித்து.

"சாவி எங்கயும் ஓடிடாது சார். முதல்ல அவரை அனுப்பி வைப்போம்."

அவர் கையை இழுத்துக்கொண்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிக்குப் போய்விட்டார். கூடத்தின் நடுவில் ஸ்ட்ரெச்சரில் அவள் கணவர் கிடந்தார். அவரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை அது. வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. துக்க வீட்டுக்கு வந்து ஒரு சாவிக்காக இப்படி அவசரப்படுகிற மனிதனை அவள் பார்த்ததில்லை. அது சாவிக்கான அவசரமாக இருக்காது என்று அப்போதே தோன்றிவிட்டது.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். காய் வாங்கப் போனால் மேலே அடுக்கியிருப்பதைத் தொடமாட்டாள். அடியில் கையை விட்டுத்தான் பொறுக்குவாள். யாராவது கூடுதலாகச் சிரித்துப் பேசினால் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். "உன்னைக் கூரையில மாட்டிட்டா எனக்கு வேலையே இருக்காது" என்று கணவர் கேலி செய்வார். கிடங்குகளிலும் பெரிய கட்டடங்களிலும் தீ எச்சரிக்கை மணிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். போன இடத்திலெல்லாம் ஒரு தடவை மணியை அலறவிட்டுப் பார்க்காமல் திரும்பமாட்டார் என்பதால் மணிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

நேற்று எல்லோருக்கும் லீவு. அந்த லீவு நாளில் மணிக்காரர் நகரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனார். அங்கே அவருக்கு வேலை எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. எதற்குப் போனார் என்று கம்பெனிக்கும் தெரியவில்லை, கட்டிய மனைவிக்கும் தெரியவில்லை. அவளிடம் முடிவெட்டப் போவதாகத்தான் சொன்னார்.

"முடிவெட்டப் போறவருக்குப் பை எதுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"வெட்டின முடியை அள்ளிட்டு வரத்தான்."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததற்கு முடிவில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பொய்யும் ஒரு கேலியும்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்க மாடிப்படியில் நின்று அவர் போனில் பேசியதையும் அவள் கேட்டிருந்தாள். ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தவள் சத்தம் வராமல் நின்றுவிட்டாள். "நீ வர வேணாம். நானே பாத்துக்கறேன். வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்." அந்தப் போன் அவரோடு விழுந்து நொறுங்கிவிட்டது. அவர் 'நீ' என்று உரிமையாகப் பேசக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் எண்ணிப் பார்த்தாள். கணக்கில் வராத எவளாவது இருப்பாளோ என்றும் யோசித்தாள். புருஷன் உடம்பு பக்கத்திலேயே கிடக்க, இப்படி ஓடுகிற தன் புத்தி அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அது நின்றபாடில்லை.

நாத்தனார் வந்து அவள் காதோரம் குனிந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

"அண்ணி, வாசல்ல ஒரு மாதிரியா பேசிக்கறாங்க. அந்தக் கிடங்குல போன வாரம் செம்பு கேபிள் ஒரு ரோல் காணாமப் போச்சாம். அண்ணன் பையோட உள்ள போனதை வாட்ச்மேன் பாத்தானாம்."

"உங்க அண்ணன் திருடுவார்னு நீ நினைக்கறியா?"

"நான் நினைக்கறதுல என்ன இருக்கு? நெருப்பில்லாம புகையுமான்னு கேக்கறாங்க."

அந்தப் பழமொழியைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "நம்ம தொழில்ல பத்துக்கு ஒன்பது தடவை நெருப்பே இல்லாமத்தான் மணி அடிக்கும். தூசி போனாலும் அடிக்கும், சமையல் ஆவி போனாலும் அடிக்கும்" என்பார். அதை இப்போது வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வது? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? காரணம் தெரியாமல் இவரை வண்டியில் ஏற்றிவிட்டால் திருடப் போன இடத்தில் விழுந்து செத்தவர் என்ற பேரோடுதான் போவார். அந்தப் பேர் பிறகு அழியவே அழியாது. அதை நினைத்ததும் அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்கு முன்னால் வந்தது.

"போலீஸ்கிட்ட ஒழுங்கா விசாரிக்கச் சொல்லணும்," என்றாள் சத்தமாகவே.

"வேணாம்க்கா," என்று உடனே ஒரு குரல் வந்தது. அவள் தம்பி. கையில் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தான். "போனவர் போயிட்டார். இனி எதுக்கு வம்பு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா போன பிறகு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். படிப்பு ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கணவர்தான் கம்பெனியில் சேர்த்துத் தன்கூடவே வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இந்த வீட்டில் ஓடியாடி எல்லா வேலையும் செய்பவன் அவன்தான். நாற்காலி எடுத்து வந்தான், வண்டிக்குச் சொன்னான், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தான். ஆனால் ஒரு தடவைகூட அவர் தலைமாட்டுப் பக்கம் போகவில்லை. கால்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தான். மாமா மாமா என்று உயிரை விட்டவன், முகத்தைப் பார்க்க ஏன் பயப்படுகிறான்? கம்பெனி இவன் வாயை அடைத்துவிட்டதா?

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கேபிள் இருந்துவிடுமோ என்ற பயத்தோடு ஜிப்பை இழுத்தாள்.

கேபிள் இல்லை. ஸ்க்ரூடிரைவர், டார்ச், டிடெக்டரைச் சோதிக்கிற புகை ஸ்ப்ரே, பேனல் சாவி. அந்த அளவுக்குச் சூப்பர்வைசர் உண்மைதான் சொல்லியிருந்தார். அடியில் ஒரு துணியில் ஏதோ சுற்றியிருந்தது. பிரித்தால், சின்னக் கிண்ணம் மாதிரி ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடிகள். எல்லாவற்றின் மேலும் வெள்ளி நிறப் பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் தெறித்துக் காய்ந்திருந்தது.

மூடி என்னவென்று அவளுக்குத் தெரியும். கட்டடத்தில் பெயின்ட் வேலையோ சிமென்ட் வேலையோ நடந்தால், கூரையில் இருக்கும் டிடெக்டர் தூசியைப் புகை என்று நினைத்துக் கத்தாமல் இருக்க அதற்கு மூடி போடுவார்கள். வேலை முடிந்ததும் கழற்றியாக வேண்டும். அந்த வேலையை ஏற்றவனே ஏறி இறக்கி, அத்தனையையும் சூப்பர்வைசர் கையில் எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "டிடெக்டரைக் கழட்டிட்டா கீழ இருக்கற கன்ட்ரோல் பேனல் உடனே காட்டிக் குடுத்துடும். எந்த மூலைன்னுகூடச் சொல்லும். ஆனா மூடி போட்டது அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பச்சை விளக்கு எரியும்," என்று கணவர் ஒரு நாள் சொல்லியிருந்தார். அது ஏதோ பெரிய பாவம் போலச் சொன்னார்.

அவள் மூடிகளைத் துணியால் மூடிவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரை உள்ளே கூப்பிட்டாள்.

"சாவி இந்தாங்க. பையில வேற என்ன இருக்கும்னு நினைச்சீங்க சார்?"

அவர் முகம் சிறுத்துப்போனது. "எனக்கு அவர்மேல சந்தேகம் இல்லம்மா. மேல கேப்பாங்க. பையைப் பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்காகத்தான்..."

"அங்க அவருக்கு வேலை ஏதாவது பாக்கி இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல. கூரைக்குப் பெயின்ட் அடிச்சாங்க, அதுக்காக மூடி போட்டோம். அது முடிஞ்சு மூடியெல்லாம் இறக்கியாச்சு. உங்க தம்பிதான் இறக்கினான். எண்ணி என்கிட்ட ஒப்படைச்சான். ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லாம, புதுசு மாதிரி துடைச்சுக் குடுத்தான். பொறுப்பான பையன்னு நானே பாராட்டினேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்படலாம் என்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தவள்தான். வாட்ச்மேன், கம்பெனி, முகம் தெரியாத ஒருத்தி, ஏன், செத்துக் கிடந்தவர்மேல்கூடச் சந்தேகப்பட்டாள். தான் வளர்த்த பிள்ளையை மட்டும் அந்த வரிசையில் நிறுத்தவில்லை.

"கொஞ்சம் வெளில இருங்க சார். போயிடாதீங்க," என்றாள். "தம்பியை வரச் சொல்லுங்க."

அவன் வந்தான். கதவைச் சாத்தச் சொன்னாள். பையைத் திறந்து காட்டவில்லை, திட்டவில்லை.

"இன்னும் எத்தனை மேல இருக்கு?"

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பின்வரிசை முழுசும் இருக்கும்க்கா. விழுந்த இடத்தை வச்சுப் பாத்தா முன்வரிசையைத்தான் மாமா இறக்கியிருக்கணும்."

"நீ ஒண்ணுகூட இறக்கலையா?"

"ஏணியில பாதி ஏறினேன். கால் நடுங்கிடுச்சு. அவ்வளவு உயரம் நான் ஏறினதே இல்ல. மாட்டும்போதும் மாமாதான் ஏறினார், நான் கீழ பிடிச்சுக்கிட்டேன். ஆனா என்னாலயும் முடியும்னு சூப்பர்வைசர்கிட்ட ஜம்பமா சொல்லிட்டேன். ஸ்டோர்ல புது மூடி பாக்கெட் இருந்துச்சு. அதைப் பிரிச்சு எண்ணிக் குடுத்துட்டேன்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்டோர் பெட்டியில மூடியைப் பாத்தவுடனே கண்டுபிடிச்சுட்டார். பெயின்ட் அப்படித் துடைச்சு வராதாம்." அவன் மூக்கை உறிஞ்சினான். "திட்டலைக்கா. பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லன்னு மட்டும் கேட்டார். உன் வேலை போயிடும், உங்கக்கா தாங்கமாட்டா, லீவு நாள்ல நானே போய் இறக்கிட்டு வந்துடறேன்னார்."

"ஏணி பிடிக்க நீ போக வேண்டாமா?"

"வரேன்னுதான் சொன்னேன். காய்ச்சல் அடிக்குதுன்னும் சொன்னேன்."

"அடிச்சுதா?"

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையை அதில் புதைத்துக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு உடம்பே குறுகிப்போயிருந்தது. அவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை எழவில்லை.

"இப்ப கிடங்குல ஆள் இருக்காங்களா?"

"ஷிப்ட் நடக்குது. பின்பக்கம்தான் பேக்கிங். பொண்ணுங்க நிறையப் பேர்." அவன் சட்டென்று அவள் பாதத்தைப் பிடித்தான். "சொல்லிடாதக்கா. நாளைக்கு நானே போய் இறக்கிடறேன். யாருக்கும் தெரியாம முடிச்சுடறேன்."

"அதைத்தான் அவரும் செஞ்சார்," என்றாள் அவள்.

இதை வெளியே சொன்னால் தம்பியின் வேலை போகும், பேரும் போகும். இனி அவன் இந்த வீட்டுப் படி ஏறுவானா என்பதும் சந்தேகம்தான். அவள் அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டே எழுந்து, துணியோடு மூடிகளை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாசலில் சூப்பர்வைசர் எழுந்து நின்றார். அவர் கையைப் பிடித்து அதில் மூடிகளைக் கொட்டினாள். கை கொள்ளாமல் சில தரையில் உருண்டன.

"இதுக்காகத்தான் அவர் போனார்," என்றாள், நாத்தனாருக்கும் வாசலில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "என் தம்பி இறக்கலை. புது மூடியைக் குடுத்து உங்களை ஏமாத்திட்டான். இவனைக் காப்பாத்தத்தான் அவர் தனியா ஏறினார். பின்வரிசை இன்னும் மூடியோடதான் இருக்கு, கீழ ஆளுங்க வேலை செய்யறாங்க."

சூப்பர்வைசர் ஒரு மூடியைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த பெயின்டை நகத்தால் சுரண்டினார். அது வரவில்லை. உடனே போனை எடுத்து, பின்பக்கத்தில் இருப்பவர்களை வெளியே அனுப்பச் சொன்னார்.

"மூடியை இறக்க இவனையே கூட்டிட்டுப் போங்க," என்றாள் அவள்.

"இப்பவா? வண்டி வர நேரம்மா. இவன் தூக்க வேண்டாமா?"

"தூக்க ஆள் இருக்காங்க."

தம்பி அறை வாசலில் நின்றிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. நாத்தனார் மட்டும் பார்த்தாள். பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அண்ணனின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, புதிதாக அழத் தொடங்கினாள்.

"ஏணியை நான் பிடிச்சுக்கறேன்டா," என்றார் சூப்பர்வைசர். குரலில் கோபம் இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. "மெதுவா ஏறு. வா."

அவன் செருப்பைத் தேடினான்.

"டேய்," என்று அவள் கூப்பிட்டாள். "அவர் முகத்தைப் பாத்துட்டுப் போ. காலையிலேர்ந்து நீ பாக்கலை."

அவன் வந்து தலைமாட்டில் நின்றான். குனிந்து பார்த்தான். பிறகு வேகமாக வெளியேறி, சூப்பர்வைசரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான்.

பைக் தெருவைத் தாண்டுவதற்குள் வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு, நாலு பேர் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் கம்பெனி ஆட்கள் இருவரும் குனிந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். பின்பக்கத்தில் ஒரு பிடி காலியாக இருந்தது. இன்னொரு ஆள் வாங்க என்று யாரோ வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

அவள் போய் அந்தப் பிடியைப் பற்றினாள். "நீங்க விடுங்க" என்று சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். சேர்ந்து தூக்கினார்கள். வாசற்படியில் இறங்கும்போது, முன்னால் போன இருவரும் அவளுக்காக நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்கள்.