மோரா தனியாகப் போகவில்லை

தாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில் ஜூலை மாதக் குளிர்காலக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. கடல் பின்வாங்கிய சேற்று மணலில் டாம்சின் என்ற இளம் நடிகை செத்துக் கிடந்தாள். செத்தவளாகக் கிடப்பதுதான் அன்றைக்கு அவள் வேலை. உதட்டில் நீலம் பூசி, தலைமுடியில் கடற்பாசி சுற்றி, மெல்லிய உள்ளாடையோடு படுக்க வைத்திருந்தார்கள். கேமராவை இடம் மாற்ற நேரம் பிடித்தது. நெரிடா ஒரு கம்பளியோடு ஓடிப்போய் அவள் மேல் போர்த்தினாள். 'தென்முனை' என்ற அந்தத் துப்பறியும் தொடரை எழுதுகிறவர்களில் நெரிடாவும் ஒருத்தி.

"நீங்கதானே ரைட்டர்? ஒண்ணு கேக்கவா?" என்றாள் டாம்சின், பல் கிடுகிடுக்க. "நான் யாரு?"

"புரியலையே."

"இந்தப் பொண்ணு யாருன்னு கேக்கறேன். ஸ்கிரிப்ட்ல 'இளம்பெண், சாவிலும் அழகி'ன்னு மட்டும் இருக்கு. பேரு கூடக் கிடையாது. இந்த வருஷம் நான் மூணாவது தடவை சாகறேன். போன தடவை கழுத்தை நெரிச்சாங்க, அதுக்கு முன்னாடி காட்டுல புதைச்சாங்க. ஒரு எடத்துல கூட யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல."

நெரிடாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது அடங்கிப்போனது. அந்தக் காட்சியை எழுதியது அவள் இல்லை, தொடரின் தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளருமான டாரில். ஆனால் அவளும் அதை வாசித்துவிட்டுத் தலையாட்டியவள்தான்.

"கிட்," என்றாள் நெரிடா, அந்தக் கணத்தில் வாய்க்கு வந்ததை. "உன் பேரு கிட். கடலுக்கு அடியில முங்கி ஆபலோன் சிப்பி எடுக்கறது உன் தொழில்."

டாம்சின் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினாள். விரல்களில் நீளமாய், சிவப்பாய், ஒட்டு நகங்கள். "அப்போ இது எப்படி? பாறையைப் பிடிச்சுத் தொங்கறவளுக்கு இவ்ளோ நகமா?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து, பல்லால் கடித்தும் பிய்த்தும் அத்தனை நகத்தையும் எடுத்துப்போட்டார்கள். கேமரா திரும்ப ஓடியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம், குழு தங்கியிருந்த விடுதியின் பின்னறையில் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேச டாரில் கூப்பிட்டான். தொடரின் நாயகி இன்ஸ்பெக்டர் மோரா. இரண்டு வருடமாக அவளுக்குப் படாத பாடில்லை. புருஷன் விட்டுப் போனான், குடித்தாள், மகளின் பிறந்தநாளை மறந்தாள், தங்கையைப் பறிகொடுத்தாள். இப்போது டாரில் இன்னொன்று வைத்திருந்தான். கொலைகாரனைத் தேடி மோரா ஒருத்தியாக, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பழைய கொட்டகைக்குப் போகிறாள். போனில் சிக்னல் இல்லை. அவன் அவளை நாற்காலியில் கட்டிப் போடுகிறான். கடைசி நொடியில் அவளுடைய உதவியாளன் வெஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறான்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லாமப் போறா?" என்றாள் நெரிடா.

"தங்கச்சி ஞாபகம் வந்துடுது. உணர்ச்சிவசப்படறா."

"இருபது வருஷம் போலீஸ்ல இருந்தவ. இத்தனை கேஸைக் கண்டுபிடிச்சவ. ஒரு ஃபோன் பண்ணிட்டுப் போகணும்னு அவளுக்குத் தெரியாதா?"

"நெரிடா, கண்ணு, ஜனங்க சோபாவோட நுனியில உக்காந்து பாக்கணும். அவ ஆபத்துல மாட்டினாத்தான் அது நடக்கும்."

"சரி. இதே எடத்துல வெஸ் இருந்தா? அவன் தனியாப் போவானா?"

"வெஸ் என்ன முட்டாளா?" என்றான் டாரில்.

தான் சொன்னது டாரிலுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். காப்பிக் கோப்பையை எடுத்து, காலியாக இருப்பதைப் பார்த்து, திரும்ப வைத்தான். "நாளைக்குக் காலையில எல்லாரும் உக்காந்து படிக்கப் போறோம். கொட்டகையை வாடகைக்கு எடுத்தாச்சு, நாற்காலி வந்தாச்சு. இதுல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அதே கொட்டகை, அதே நாற்காலி, அதே ஆளுங்க. நான் வேற மாதிரி எழுதிட்டு வரேன்."

"எழுது, யாரு வேண்டாம்னா? படிக்கப் போறது என்னோடதைத்தான்."

நெரிடா நேரே மோராவாக நடிக்கும் யூனாவின் அறைக்குப் போனாள். யூனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கதவைத் திறந்தபோது ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கால்விரல்களைப் பார்த்தாள்.

"நீ சொல்றது நியாயந்தான். ஆனா என்னைச் சேத்துக்காத. இந்த வேஷம் வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் எவனுக்காவது அம்மாவா சூப் ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒரு ஆம்பளை வாக்குவாதம் பண்ணா 'கலையில அக்கறை உள்ளவன்'னு சொல்லுவாங்க. நான் பண்ணா 'இவளோட வேலை செய்யறது கஷ்டம்'னு ஊரெல்லாம் பரவிடும்."

"நான் உன்னைக் குத்தம் சொல்லல, யூனா."

"தெரியும். நீ போய் எழுது."

விடுதியின் சாப்பாட்டுக் கூடம் அந்த நேரத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. பூசணிச் சூப்பும் வாட்டிய ரொட்டியும் வாங்கிக்கொண்டு நெரிடா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே மழை. கோபத்தில் எழுத ஆரம்பித்த முதல் நாலு பக்கமும் பிரசங்கமாக வந்தன. மோரா வெஸ்ஸையும் ஐந்தாறு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனாள், கொலைகாரனைப் பிடித்தாள், முடிந்தது. பயமே இல்லை. டாரில் சொன்னதில் பாதி சரி என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சோபாவின் நுனிக்குத் தள்ளாத கதையை யார் பார்ப்பார்கள்? நாலு பக்கத்தையும் அழித்தாள்.

சூப் ஆறி, மேலே ஆடை கட்டியது. அப்போதுதான் தோன்றியது. மோரா தனியாக இல்லை. கொட்டகை நிறைய ஆட்கள். தேடுதலுக்கு உதவ வந்த ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்த, எல்லோருக்கும் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுக்கிற ஒருவன். அவன் மோராவிடம் கோப்பையை நீட்டிக்கொண்டே, "பாவம், கிட்டோட கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும், அந்தத் தொழில் அப்படி," என்கிறான். இறந்தவளின் பெயரையும் தொழிலையும் போலீஸ் இன்னும் வெளியே சொல்லவில்லை. மோராவுக்குப் புரிந்துவிடுகிறது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழ தூரம். அவன் இடுப்பில் ரோமம் கத்தரிக்கும் கத்தி. சுற்றி இத்தனை பேர், யார் மேலும் அது பாயலாம். முகத்தில் எதையும் காட்டாமல் அவன் கொடுத்த தேநீரை அவள் குடித்தாக வேண்டும்.

நெரிடா தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்து, மேஜை துடைக்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

காலையில் நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நெரிடா தன் பக்கங்களை எல்லோர் முன்னாலும் வைத்திருந்தாள். டாரில் அதன்மேல் தன்னுடையதை வைத்தான். "மேல இருக்கறதைப் படிங்க."

படித்தார்கள். கொட்டகை வாசல் வந்தது. யூனாவின் முறை.

"'இது என் கணக்கு, வெஸ். இதை நான் தனியாத்தான் முடிக்கணும்.'" யூனா நிறுத்தினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தாள். மறுபடியும் நிறுத்தினாள்.

"என்ன ஆச்சு?" என்றான் டாரில். "தொண்டை சரியில்லையா?"

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வரியை நாலு சீரியல்ல நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன், டாரில். நாலு தடவையும் என்னைக் கட்டிப் போட்டாங்க. அஞ்சாவது தடவை வாயில வரமாட்டேங்குது." அவள் மேலே இருந்த டாரிலின் பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்தாள். "கீழ இருக்கறதைப் படிக்கலாமா? நல்லா இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு உன்னோடதையே நடிக்கறேன்."

டாரில் பதில் சொல்வதற்குள் வெஸ்ஸாக நடிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். படித்தார்கள். தேநீர் வந்த இடத்தில் எல்லோரும் தாளின் மேல் குனிந்தார்கள். மோரா ஒரு வாய் குடித்தாள், நல்லா இருக்கு என்றாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள். பிறகு அங்கே கிடந்த நாற்காலியைக் காட்டி, "நீங்க காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க," என்றாள். அவன் உட்கார்ந்தான். கத்தி அவன் இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. "வெஸ்," என்றாள் மோரா, "இவருக்கு ஒரு கோப்பை நீயே ஊத்திக் குடு." இரண்டு வருடமாக அவளுடைய குரலைக் கேட்டுப் பழகிய வெஸ்ஸுக்கு அது போதுமாக இருந்தது: பின்னால் வந்து அவன் தோளை அமுக்கிப் பிடித்தான்.

படித்து முடித்ததும் டாரில் தன் பக்கங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தான்.

"அந்த டீ நல்லா இருக்கு," என்றான் கடைசியில், யாரோ அந்த வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டதைப்போல. "ஆனா முடிவுல அவ அழணும்."

"மாட்டா," என்றாள் நெரிடா.

"ஒரே ஒரு சொட்டு."

"வேணும்னா வெஸ் அழட்டும்."

"சந்தோஷமா அழறேன்," என்றார் வெஸ்ஸாக நடிப்பவர். "என்னை யாரும் அழச் சொன்னதே இல்ல." மேஜை முழுக்கச் சிரிப்பு. டாரிலும் சிரித்தான், முழு மனதோடு அல்ல.

அப்படியே எடுத்தார்கள். ஆனால் எல்லாமே நெரிடா நினைத்தபடி நடந்துவிடவில்லை. படத்தொகுப்பில், கிட்டோடு படகில் போனவர்கள் அவளைப் பற்றிப் பேசும் காட்சியை டாரில் வெட்டிவிட்டான், நீளம் அதிகம் என்று. நெரிடா போய்ச் சண்டை போட்டாள். ஒரு படகுக்காரி கிட்டின் கெட்ட வார்த்தைகளைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து அழும் இடம் மட்டும் திரும்ப வந்தது. ஒளிபரப்பான பிறகு பத்திரிகைகள் டாரிலின் துணிச்சலைப் பாராட்டின. அந்த வாரம் நெரிடா சமையலறையில் சில பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகக் கழுவினாள். யூனா மட்டும் ஃபோன் பண்ணி, "ரயில்ல ஒரு பொம்பளை என்னை நிறுத்தி, 'அந்த டீயை நீ குடிச்சப்ப நான் சோபாவோட நுனிக்கே வந்துட்டேன்'ன்னா," என்று சொன்னாள்.

அடுத்த வருடத் தொடருக்குக் கூட்டம் கூடியபோது, முதல் பகுதி தனக்கு வேண்டும் என்று நெரிடா கேட்டாள். யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள், கிடைத்தது.

"சரி, பொணம் யாரு?" என்றான் டாரில், பேனாவைத் திறந்துகொண்டு.

"ஒரு ஆம்பளை. அறுபது வயசு. வங்கி மேனேஜர், ஓய்வு பெற்றவர்."

"அவரைச் சேத்துல கிடத்தினா எவன் உக்காந்து பாப்பான்?"

"நீ பாப்ப," என்றாள் நெரிடா. மடிக்கணினியைத் திறந்து, நாற்காலியை மேஜையை நோக்கி இழுத்துப் போட்டாள்.