ஜகதாம்பாள் வீட்டுக் களவா

1

இந்தக் கதை எனக்குத் திருத்தணி லோக்கலில் கிடைத்தது. பக்கத்து இருக்கை மாமியின் மடியில் இறால் டப்பா. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்கோ. எங்காத்து மீனுக்கு" என்றாள். முகத்தில் வெட்கமில்லை, அலுப்புதான். பெயர் ஜகதாம்பாள்.

2

மலைக்கோயில் மடப்பள்ளியில் மூன்று தலைமுறையாகச் சமைத்துவரும் குடும்பத்தில்…

(வேண்டாம். குலப்பெருமையில் மீன் மூழ்கிவிடும்.)

2001இல் அவள் மைத்துனன் ராகவேந்திரா பம்பாய்க்கு மாற்றலாகிப் போனபோது ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப்போனான். உள்ளே உள்ளங்கையளவு களவா, கடல்மீன். "ஆறே மாசம், மன்னி."

நாலு வருஷமாயிற்று. கூட இருந்த மீன்களையெல்லாம் விழுங்கி அது முழங்கை நீளம் வளர்ந்தது. நிழல் பட்டாலே கண்ணாடியில் வந்து மோதும். புருஷன் ஸ்ரீகண்டன் சென்னையிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் சுமந்தார். முட்டைகூடத் தொடாதவள் இடுக்கியால்* இறால் போட்டுவிட்டுத் தலைமுழுகினாள்.

கேன்களை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் பங்காரு சொல்வார்: "இன்னா மாமி, நாலு வருசமா அவஸ்தைப்பட்டுகினு கீற. எங்கிட்ட குடுத்துடு, கொழம்பு வெச்சுடறேன்."

*அந்த இடுக்கி சமையலறைக்குள் வராது. கதைக்கு இது தேவையில்லை, எனக்குத் தேவைப்பட்டது.

3

ஸ்ரீகண்டனை முதலில் மீன்பித்துப் பிடித்தவராக எழுதினேன். தப்பு. தம்பி போனில் விசாரிப்பதே மீனைத்தான். அண்ணனோடு பேச அவனுக்கு வேறு பேச்சில்லை. மீன் போனால் போனும் போய்விடும் என்று இவருக்குப் பயம்.

அவர் தொட்டி துடைக்கும்போது களவா அவருடைய ஆள்காட்டி விரலைக் கவ்வியது. ஐந்து தையல். ஆறாத புண்ணோடு கோயில் மடப்பள்ளிச் சமையலுக்குப் போக முடியாது. ஒரு மாதம் வீட்டோடு உட்கார்ந்தார்.

"போறும்னா. கடல்லயே விட்டுடலாம்."

"ராகவேந்திரா கேட்டா என்னடி சொல்றது?"

"உங்க விரலைக் காட்டுங்கோ."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

4

மறுவாரம் ஒரு மத்தியானம், அவர் கட்டு மாற்றப் போயிருந்தபோது கரண்ட் போயிற்று. காற்று மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் களவா மேலே வந்து வாயைப் பிளந்தது. ஜகதாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றுமே செய்ய வேண்டாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

(என் முதல் வரைவில் மீன் செத்தது. அவளுக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்தேன். படித்துப் பார்த்தால் அது என் அலுப்பு.)

அவள் எழுந்தாள். தொட்டித் தண்ணீரையே செம்பில் மொண்டு மொண்டு, காற்றுக் கலக்கும்படி உயரத்திலிருந்து ஊற்றினாள். உப்புத்தண்ணீர் கண்ணில் தெறித்தது. களவா இரண்டு தரம் செம்பையே கவ்வ வந்தது. ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கரண்ட் வந்ததும், "பிழைச்சுப் போ, சனியனே" என்றாள்.

5

ஈரப்புடவையோடு நிற்கும்போதே போன் அடித்தது. ராகவேந்திரா.

"மன்னி, மீன் எப்படியிருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். இதை மாமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி திருத்தணியில் நின்றது. மாமி இறங்கிப் போய்விட்டாள்.

'நன்னா இருக்கு' என்று எழுதி, அடித்துவிட்டேன். 'செத்துப்போச்சுப்பா. இனிமே உங்கண்ணாவை விசாரி' என்று எழுதினேன். அதை அடிக்கவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. எனக்கு இதற்குமேல் தெம்பில்லை. இந்தாருங்கள், போனை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அவன் லைனில்தான் இருக்கிறான்.