ஜீப் குடிக்காத தண்ணீர்

1

வெட்கம் தாளாமல் எழுதுகிற கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1957இல் இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் ஜீப் சூடேறிச் சூடேறி நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் டிரைவர் வியாகுலம். வியாகுலம் என் வீட்டுக்காரர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

வீட்டில் ஒருநாளும் அவர் பேரை நான் சொன்னதில்லை. காகிதத்தில் சொல்லத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. பேரை எழுதிவிட்டால் அவர் யாரோ ஒருவராகிவிடுவார். பாரத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது எனக்குச் சுலபம்.

கதையை இப்படி ஆரம்பித்தேன்: “மலைமுகடுகளைப் பனி மூடியிருந்த ஒரு காலைப்பொழுதில்—”

இல்லை. பனி மூடாத காலை அங்கே எது?

பிறகு இப்படி: “ஜீப்பைப் போலவே வியாகுலத்தின் மனமும் கொதித்துக்—”

கொதிக்கவில்லை. அவர் பயந்துபோயிருந்தார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட ஜீப் அது. ஃபேக்டரிக்கு மேலே உள்ள வளைவை எட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிடும். துரை இரண்டு தடவை நடந்தே பங்களாவுக்குப் போனார். மூன்றாம் தடவை, “சனிக்கிழமைக்குள்ளே சரி செய். இல்லாட்டி ஹட்டன்லேர்ந்து வேறே டிரைவர் வரும்” என்றார். வேறு டிரைவர் வந்தால் நாங்கள் இருந்த வீடும் அவனுக்குத்தான்.

வியாகுலம் பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், முறுக்காகவே இருந்தது. பம்பில் கசிவு இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டுவந்து எங்கள் அடுப்பில், என் சோற்றுச் சட்டியில் போட்டுக் காய்ச்சினார். தண்ணீர் கொதிக்கும் முன்பே அதன் வாய் ஒழுங்காகத் திறந்துகொண்டது. (அந்தச் சட்டியில் நான் மறுபடி சமைக்கவில்லை. கதைக்கு இது தேவையில்லைதான். ஆற்றாமையில் எழுதிவிட்டேன்.)

கடைசியில் இஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மேலே கை வைக்க முடியவில்லை. நடுவிலும் கீழும் அங்கங்கே சில்லென்றிருந்தது. சூடு இருக்கவேண்டிய இடத்தில் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, கீழ்வாயில் ஹோஸைச் செருகித் தண்ணீரை எதிர்ப்பக்கமாக அடித்தார். செம்மண்ணும் மணலும் அழுகிய தழைத் துகளும் கூழாக வந்தன. கால்வாய் நாற்றம் அடித்தது.

துரை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“எந்தத் தண்ணி ஊத்துறே?”

“லயத்துப் பீலித் தண்ணிங்க தொரை. ஷெட்டுக்குப் பக்கத்துல அதுதாங்க இருக்கு.”

(பீலி என்பது ஓடையிலிருந்து தகரம் வைத்துத் தண்ணீர் விழவிட்ட இடம். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கீழ் லயத்து இருபது குடும்பம் அதில்தான் குடிக்கும். மேல் லயத்துச் சாக்கடைக் கான் அதற்கு மேலே ஓடையில் கலக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும்.)

“அந்த அழுக்குத் தண்ணி ஜீப்புக்கு ஆகாது. இனி பங்களா பைப் தண்ணி மட்டும் போடு.”

வியாகுலம் நிமிர்ந்து நின்று, “தொரை, அதே தண்ணியத்தானே இருபது குடும்பம் குடிக்கி—”

சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவர் வாயில் அது ஒட்டவே மாட்டேனென்கிறது. அவர் சொன்னது, “சரிங்க தொரை.” துரை, “கெட்டிக்காரன்” என்றார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார் மனுஷர். நானும் சிரித்தேன். வீடு தப்பியதே.

3

மறுநாளே ஜீப் ஷெட்டில் ஒரு பீப்பாய் வந்து இறங்கியது. தினமும் பங்களா பைப்பிலிருந்து அதை நிரப்பி வைக்க ஏற்பாடு. மலை உச்சி ஊற்றுத் தண்ணீர். கண்ணாடி மாதிரி இருக்கும். அன்று மாலையே வியாகுலம் யாருக்கும் தெரியாமல் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு—

நிறுத்துகிறேன். இது பொய். வாளியைக் கொடுத்து அனுப்பியவள் நான்.

“இந்தாங்க, ஜீப்புக்கு ஊத்துனது போக மிச்சம் இருக்குமில்ல. ஒரு வாளி கொண்டாங்க.”

“கண்டாக்கையா பாத்தா வேல போயிரும்.” தோட்டத்து மேற்பார்வைக்காரரைச் சொன்னார்.

“மேல சாக்கப் போட்டு மூடிட்டு வாங்க. யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கவில்லை. தினம் ஒரு வாளி வந்தது. ஜூன் மழை பிடித்துக்கொண்டதும் பீலியில் தண்ணீர் தேயிலைச் சாயமாக விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் காலியாகின. கேட்டால் எல்லார் வீட்டிலும் வயிற்றோட்டம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த வாரம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம், ‘சுத்தமான நீரையே பருக வேண்டும்’. வந்திருந்த ஏழு பிள்ளைகளும் அதைச் சத்தமாக வாசித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. ஆனாலும் பாடத்தை முடித்தேன்.

4

கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு ஒரு மாலை பேச்சியம்மா எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள். கீழ் லயத்துக்காரி. அவள் மகள் மீனம்மா என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். ஐந்து நாளாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வயிற்றில் தங்கவில்லை என்றாள்.

“டிரைவரய்யா, ஒன்னு கேக்கணும். தொரை ஜீப்புக்கு எங்க பீலித் தண்ணி ஆகாதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். மீனம்மாவுக்கு அது ஆகுமாய்யா?”

அவள் குத்திக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். வியாகுலம் என்னைப் பார்த்தார்.

5

இங்கே கதைக்கு மூன்று வழி.

அ) வியாகுலம் “ஆகாது” என்கிறார். மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சனம் கூடுகிறது. துரை கீழ் லயத்துக்கும் பைப் போடுகிறார். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். நடக்கவில்லை.

ஆ) வியாகுலம் “ஆகாது” என்கிறார். நாங்கள் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்கிறோம். இதுவும் நடக்கவில்லை. நடக்குமோ என்று பயந்தோம். அந்தப் பயத்தைக் காட்டித்தான் ஏழு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இ) “கொதிக்க வச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெறகுக்கு எங்கய்யா போறது? இருட்டோட எந்திரிச்சு பெரட்டுக்கு ஓடுறோம்” என்றாள் பேச்சியம்மா.

மீனம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிழைத்தாள் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். செத்தாள் என்று எழுதினால் அழுதுவிட்டு மன்னித்துவிடுவீர்கள். இரண்டும் வேண்டாம்.

6

இனி எழுதுவது இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அவருக்கும் தெரியாது.

பேச்சியம்மா எழுந்திருக்கும்போது, “மேடு ஏறுனது மூச்சு வாங்குது. ஒரு வாய் தண்ணி குடுங்க டீச்சரம்மா” என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே இரண்டு பானை. ஒன்றில் நாங்கள் குடிக்கிற பங்களாத் தண்ணீர். மற்றதில் பாத்திரம் கழுவப் பீலித் தண்ணீர். முதல் பானையில் மொண்டு கொடுத்தால் முதல் வாயிலேயே அவள் நாக்குக்குத் தெரிந்துவிடும். நாளைக்குத் தோட்டம் முழுக்கத் தெரியும். இரண்டாவது பானையில் மொண்டு கொடுத்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் தினமும் குடிக்கிற தண்ணீர்தானே என்று ஒரு நியாயமும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அடுப்படியில் வியாகுலம் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

குனிந்து                          பானையில் மொண்டேன்.

அந்த இடத்தை நிரப்ப என் கைக்கு வரவில்லை. என்னை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேச்சியம்மா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நீங்க நல்லா இருக்கணும் டீச்சரம்மா” என்று சொல்லிப் போனாள்.