பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த எண்பத்து நான்கு கார்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது.

கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்து எழுத ஸ்ரீரங்கம் போயிருந்தேன். திரும்பும்போது அம்மா மண்டபம் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். உள்ளே ஓடினேன். வாசலில் முந்தின நாள் சீமந்தத்தின் பூ அலங்காரம் இன்னும் பாதி மிச்சமிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடும் நீள மேஜைகளின் மேல் காகித விரிப்பை உருட்டி விரித்து, பதினாறு பேர் எதிரெதிராக உட்கார்ந்து வண்ணப் படம் போட்ட கார்டுகளை வைத்து ஆடியிருக்கிறார்கள். நான் போனபோது மதிய இடைவேளை.

ஆட வந்திருந்தவர்களில் ஒருவரான கலைமதி எனக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தார். காலையில் நடந்ததைச் சொன்னார். “இதை எழுதலாமா?” என்று கேட்டேன்.

“எழுதுங்க. பேர மாத்திடுங்க. அப்புறம் என் வீட்டுக்காரர வில்லனா ஆக்கிடாதீங்க. நல்ல மனுஷன். அதான் பிரச்சினையே.”

பெயரை மாற்றிவிட்டேன்.* இரண்டாவது நிபந்தனையோடுதான் மூன்று வாரமாகப் போராடிக்கொண்டிருக்கிறேன்.

(* ஆட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் தெரிந்தவர்கள் விதிகளில் பிழை பிடிப்பார்கள். இன்னொன்று: நேரில் கலைமதியை ‘நீங்க’ என்றுதான் பேசினேன். கதைக்குள் போனதும் ‘அவள்’ ஆகிவிடுகிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

காவிரிப் பாலத்தில் அன்று காற்று — (திருச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பாலத்தில்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள். வேண்டாம்.)

கலைமதி எட்டு வருடமாக யாரோ கட்டிக்கொடுத்த — (இப்போதே கணவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. நிபந்தனை மீறல்.)

மனிதர்கள் இரண்டு வகை: யோசனை கேட்பவர்கள், கேட்காமலே — (கட்டுரை.)

கடைசியில் பாலத்துக்கே வந்தேன். காற்றை மட்டும் விட்டுவிட்டேன். அவர்கள் பேசியதை விட மனம் வரவில்லை.

“இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது,” என்றாள் கலைமதி, ஸ்கூட்டரின் பின்னாலிருந்து.

“சொல்ல மாட்டேன்.”

“கண்ணாலயும்.”

“ஹெல்மெட் போட்டிருக்கேன் மதி. கண்ணே தெரியாது.”

“அங்க போனதும் கழட்டுவீங்கல்ல?”

“சரி, சுவத்தப் பாத்து உக்காந்துக்கறேன். போதுமா?”

அவள் கணவன் ஜெயக்குமார் கேலிக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது கேலி இல்லை. தில்லைநகரில் ஒரு மருந்துக் கடையில் அவள் மருந்தாளுநர். டாக்டரின் கிறுக்கலைப் பார்த்து, அளவு தவறென்றால் டாக்டருக்கே போன் போட்டுச் சொல்கிறவள். ஆனால் இந்த ஆட்டத்தில் மட்டும் அவள் கையிலிருக்கும் கார்டுக் கட்டு எப்போதும் அவன் தேர்ந்தெடுத்துக் கட்டியது. வீட்டிலேயே கட்டி, உறை போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்பான். அவள் ஜெயித்திருக்கிறாள். ஜெயித்ததும் எதிராளி கைகுலுக்கிவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: “ஜெயா அண்ணன் டெக்கா?”

இன்றைய போட்டியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது. அதற்காகத்தான் அவள் பெயர் கொடுத்தாள். அவனும் கொடுத்திருந்தான்.

3

விதி சுருக்கமாக. (பொறுமையில்லாதவர்கள்கூடத் தாண்ட வேண்டாம், கதை இதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

ஆளுக்குப் பிரிக்காத ஆறு பாக்கெட் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் பதினான்கு கார்டு, மொத்தம் எண்பத்து நான்கு. அதிலிருந்து இருபத்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, பொதுப் பெட்டியிலிருந்து பதினேழு நிலக் கார்டு சேர்த்தால் நாற்பது. அதுதான் கட்டு, அவர்கள் வாயில் ‘டெக்’. முப்பது நிமிடத்தில் கட்டி, பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கார்டுகள் ஐந்து நிறம். அந்தந்த நிறக் கார்டை இறக்க அந்தந்த நிற நிலம் வேண்டும் என்பதால் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நீங்கள் பிரித்த பாக்கெட் உங்களுக்கில்லை. பிரித்து, எண்பத்து நான்கையும் அச்சடித்த தாளில் குறித்து, அந்தத் தாளில் உள்ள வரிசையிலேயே அடுக்கி, இடப்பக்கம் இருப்பவரிடம் தள்ள வேண்டும். பையிலிருந்து நல்ல கார்டு ஒன்றை யாரும் நுழைத்துவிடக் கூடாதே.

நடுவர் அற்புதசாமி, பொன்மலைக்காரர், வேட்டி கட்டிய நடுவர். மண்டபத்து மேலாளர் ராஜகோபாலனை வழிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

“சீட்டாட்டம்னா ஆகாது ஸ்வாமி. இது பெருமாள் ஊர்,” என்றாராம் ராஜகோபாலன்.

“சீட்டு இல்லைங்கய்யா. பாருங்க, டிராகன்.”

ராஜகோபாலன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்திருக்கிறார். “இதென்ன, யாளி மாதிரி? நம்ம கோயில் தூண்ல இருக்கறது இன்னும் லட்சணமா இருக்குமே. சரி, சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு. நாலு மணிக்குள்ள கூடத்த ஒழிச்சுத் தந்துடணும்.”

அப்படிப்பட்ட அற்புதசாமி, இருக்கை போடும்போது ஒரு நல்ல காரியம் செய்தார். புருஷன் பெண்டாட்டியைப் பந்தியில் பிரித்து உட்கார வைப்பது அவருக்குப் பழக்கமில்லை. ஜெயக்குமாரின் இடப்பக்கத்து நாற்காலியில் கலைமதியை உட்கார வைத்தார்.

4

கலைமதி பிரித்த ஆறு பாக்கெட்டிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. நிம்மதியாக இடப்பக்கம் தள்ளினாள். வலப்பக்கத்திலிருந்து ஜெயக்குமாரின் கை அவன் பிரித்த கார்டுகளின் அடுக்கை அவள் முன்னால் நகர்த்தியது. சொன்ன சொல் காப்பாற்றி, அவன் முகம் சுவரைப் பார்த்திருந்தது.

“முப்பது நிமிஷம்,” என்று அற்புதசாமி மணியடித்தார். “யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னா, சொன்னவங்க வெளியே. கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் சரி, கட்டினவங்களா இருந்தாலும் சரி.”

அவள் முதல் கார்டைத் திருப்பினாள். சிவப்பு டிராகன். கூடத்திலேயே பெரிய கார்டாக அதுதான் இருக்கும். அடுத்தது சிவப்பு. அடுத்தது பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை...

பத்தாவது கார்டில் அவளுக்குப் புரிந்தது. தாளின் வரிசையில் இவை இல்லை. எண்ணிப் பார்த்தாள். மேலே இருபத்து மூன்று. எல்லாம் சிவப்பும் பச்சையும். டிராகனுக்குக் கீழே, சீக்கிரம் இறக்கக்கூடியது முதலில், நிறைய நிலம் கேட்பது பின்னால். இருபத்து நான்காவதிலிருந்துதான் தாளின் வரிசை தொடங்கியது.

டெக் கட்டி முடிந்திருந்தது. எடுத்து நிலம் சேர்க்க வேண்டியதுதான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் ‘கையைக் கழுவிய பின் குழாயை மூடவும்’ என்று எழுதியிருந்தது. அதை அவ்வளவு ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான்.

5

இங்கேதான் எனக்கு ஜெயக்குமார் மேல் சந்தேகம்.

கதையின் ஒரு கைப்படியில் அவனை வேண்டுமென்றே செய்கிறவனாக எழுதினேன். கதை விறுவிறுப்பாக ஓடியது. ஆனால் அது பொய். இன்னொரு படியில் அது வெறும் கைப்பழக்கம்: வீட்டில் மாத்திரை, பருப்பு டப்பா, சாக்ஸ் எல்லாவற்றையும் அடுக்குகிறவன். அதில் அவன் அப்பாவி ஆகிவிட்டான். அப்பாவியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன் போட்டுக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். எந்தக் கார்டு எந்த இடத்தில் இருந்தது, பச்சையோடு சிவப்பு ஏன் சேரும், வெள்ளையை ஏன் தொடக் கூடாது, எல்லாம் சொன்னான். நடுவில் மறித்துக் கேட்டேன்: “தெரிஞ்சுதான் அடுக்கினீங்களா?”

“அடுக்கும்போது அவ ஞாபகம் இருந்துச்சு சார். அவ சொன்னது ஞாபகம் இல்ல.”

இதை எந்தப் படியிலும் என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. இரண்டு படிகளையும் அழித்துவிட்டேன்.

6

கலைமதி எண்பத்து நான்கையும் கவிழ்த்துப் போட்டுக் கலைத்தாள். மாவு பிசைகிறவள் மாதிரி இரண்டு கையாலும் கலைத்ததில் காகித விரிப்பு கிழிந்தது.

பிறகு ஒன்றொன்றாகத் திருப்பினாள். யாரும் சொல்லாதது போல, அப்போதுதான் பார்ப்பது போல. வெள்ளையில் ஆள் இல்லை. கறுப்பில் இருந்தவை ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பச்சை சந்தேகமே இல்லாமல் உள்ளே. ஆக, இரண்டாவது நிறம் எது என்பதுதான் கேள்வி.

நீலத்தை நீட்டி வைத்தாள். சின்னச் சின்ன ஒற்றர்கள், எதிராளியின் கார்டைத் திருப்பி அனுப்பும் தந்திரங்கள். அவளுக்கு எப்போதும் பிடித்தவை. ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்று வீட்டில் அவன் எடுத்துவிடுகிற ரகம். பக்கத்தில் சிவப்பை நீட்டி வைத்தாள். டிராகன்.

பதினைந்து நிமிடம் போனது. சரியாகப் பார்த்தால், சிவப்பு ஒரு பிடி பலம் கூடுதல். ஒரு பிடிதான். ஆனால் கூடுதல்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. டிராகன் மேல் இல்லை, சிவப்பு மேல் இல்லை. சிவப்பை எடுத்தால் அவன் கட்டியது. நீலத்தை எடுத்தால் அவன் கட்டியதற்கு எதிராகக் கட்டியது. எதை எடுத்தாலும் அவன் அதில் உட்கார்ந்திருந்தான். கலைப்பதால் கார்டு கலையும். பார்த்தது எப்படிக் கலையும்?

(இங்கே அவள் தன் கல்யாண வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளிடம் படித்துக் காட்டினேன். “சார், பதினஞ்சு நிமிஷந்தான் மிச்சம். அதுல யாராவது கல்யாணத்த நினைப்பாங்களா?” என்றாள். எடுத்துவிட்டேன்.)

7

கலைமதி கையைத் தூக்கினாள்.

அற்புதசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “சொல்லுங்க தங்கச்சி.”

நடுவர் மேஜைக்கடியில் இன்னும் ஆறு பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. கேட்டால் கிடைக்கும். யாரும் பார்க்காத எண்பத்து நான்கு. ஆனால் ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னால், யோசனை சொன்னவர் வெளியே. சுவரைப் பார்த்திருந்தவனின் காது விடைத்துச் சிவந்திருந்தது. அவனுக்கு இப்போதுதான் பாலத்தில் பேசியது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“என்னங்க, எதுவும் பிரச்சினையா?” என்றார் நடுவர்.

அவள் அவனைப் பார்த்தாள். குழாய் வாசகத்தைப் பார்த்தாள்.

“தண்ணி வேணும்ண்ணே.”

“தண்ணியா? அதுக்கா கையத் தூக்குனீங்க? நான் பயந்தே போயிட்டேன்.”

தண்ணீர் வந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, இது அவளே சொன்னது, கார்டுகளை விட்டுவிட்டுத் தன்னிடம் கேட்டாளாம்: இன்று நாள் முழுக்க எதை ஆட உனக்கு ஆசை? அவர் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள், எதை எடுப்பாய்?

பதில் வந்தது. எழுத ஆரம்பித்தாள். மணி அடிக்கும்போது பட்டியலைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

8

என்னிடம் இருந்த முடிவுகள்:

அ. நீலத்தை எடுத்தாள், ஜெயித்தாள். கூடம் கைதட்டியது. (கலைமதிக்கே பிடிக்காது. ஒரு பிடி குறைந்தது குறைந்ததுதான்.)

ஆ. சிவப்பை எடுத்தாள். சரியானதை யார் சொன்னால் என்ன என்று தெளிந்தாள். (ஜெயக்குமார் எழுதிய முடிவு போல இருக்கிறது.)

இ. நீலத்தை எடுத்துத் தோற்று, ஆனாலும் — (இந்த ‘ஆனாலும்’ எனக்கே அலுத்துவிட்டது.)

நடந்தது இதில் எதுவென்று தெரியாது. தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

முதல் சுற்றில் யார் யாரோடு என்று அற்புதசாமி சீட்டுக் குலுக்கினார். கலைமதிக்கு எதிரே ஜெயக்குமார். ஏழேழு கார்டு எடுத்தார்கள். அவள் முதல் நிலத்தை வைத்தாள்: பச்சை. அதில் ஒரு செய்தியும் இல்லை. எப்படியும் பச்சை உண்டு. அவன் ஆடினான். அடுத்து அவள் முறை. கையிலிருந்து இரண்டாவது நிலத்தை எடுத்துக் காகித விரிப்பின் மேல் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“ஓ,” என்றான்.

“ஆடுங்க,” என்றாள்.

என்ன நிறம் என்று அவளிடம் கேட்டேன். “அதச் சொன்னா நீங்க அதுதான் சரின்னு எழுதிடுவீங்க. இல்லன்னா அது தப்புன்னு எழுதிடுவீங்க. ரெண்டும் வேணாம் சார்.” யார் ஜெயித்தது என்பதையும் சொல்லவில்லை.

ஜெயக்குமாருக்கு மறுபடி போன் போட்டேன். சாதாரணமாக ஒரு கேள்விக்கு மூன்று பதில் தருகிறவன். எண்பத்து நான்கு கார்டின் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னவன்.

“அவங்க ரெண்டாவதா வச்ச நிலம் என்ன கலர்?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவன் மூச்சு கேட்டது. சொல்ல வாயெடுத்தது கூடக் கேட்டது.

“அது அவ டெக் சார்,” என்றான். “அத நான் சொல்றது சரியா இருக்காது.”

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் பெயரவில்லை. பத்திரிகையில் இருபது வருடம் ஆள்களைப் பேச வைத்திருக்கிறேன். பேசாமல் இருக்க ஒருவர் இவ்வளவு சிரமப்படுவதைக் கேட்டதில்லை.

ஆகவே ஒரு வரியில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

கலைமதி இரண்டாவதாக வைத்தது ................ நிலம்.

எழுதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டாம். அவர் ஏதாவது சொல்வார்.