நஜ்முன் நிஸாவின் எர்த் கம்பி

மூதூர் நஜ்முன் நிஸா கையில் எடுக்கிற பல்ப் எல்லாம் எரியும். வயர் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம், கையில் எடுத்தால் போதும். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் மின்னியலாளர் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளில் இது ஆரம்பித்தது. அன்று படிக்கட்டுக்குப் போடும் இணைப்பைப் பழகினார்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் ஒரே பல்ப். ஆண்பிள்ளைகள் எல்லாரும் வயரை மாற்றிப் பூட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, நிஸா பூட்டியது முதல் தட்டிலேயே எரிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு உடம்பை விட்டு இறங்கவில்லை என்பதுதான் ஊரார் சொல்லும் காரணம். அதைவிட நல்ல காரணத்தை இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பின்னேரம் கிண்ணியா வழியாக மூதூர் திரும்பும் பஸ்ஸில் உள் விளக்கு பழுது. கொண்டக்டர் றுவைஸ் அவளை நடுச் சீற்றில் இருத்தி, கையில் ஒரு ரியூப் லைட்டைக் கொடுத்துவிடுவார். அதன் வெளிச்சத்தில் மற்றப் பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டு போனார்கள்.

அவள் பொழுதுபோக்குக்குப் படிக்கப் போனவள் அல்ல. புருஷன் இன்ஷாப் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அவன் போன மறு மாதம் குசினியில் ஃபிரிட்ஜ் செருகும் புளக் கருகிப் புகைந்தது. வயரிங் வேலை செய்பவனைக் கூப்பிடலாம்தான். ஆனால் ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆணை எப்படி விடுவது என்று அவள் யோசித்தாள். ஊர் என்ன சொல்லும் என்று அந்த வயரிங்காரனும் யோசித்தான். இரண்டு பேரும் மரியாதையாக யோசித்ததில் ஃபிரிட்ஜ் அலுமாரியாகிப் போனது, உடுப்பு மடித்து வைத்தாள். அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். பக்கத்து ஆமினா உம்மா வீட்டில் சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் என்பதால் துடைப்பக் கட்டையால்தான் போடுவார்கள். நிஸா வகுப்பில் சேர்ந்தபோது தெருவே பாடம் முடியக் காத்திருந்தது. சான்றிதழ் இல்லாதவள் வயரிங் செய்த வீட்டுக்கு எவரும் இணைப்புத் தரமாட்டார்கள். அந்தச் சான்றிதழ்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வில்லங்கம் செய்முறைச் சோதனையில் வந்தது. மின்னியலாளருக்குக் கரண்ட் வரவைக்கத் தெரிந்தால் போதாது, கரண்ட் இல்லை என்று காட்டவும் தெரியவேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். டெஸ்டரைக் கரண்ட் உள்ள வேறு இடத்தில் தொட்டு அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நிறுத்திய வயரில் தொட வேண்டும், அங்கே எரியக் கூடாது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை என்று அறிய மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் தொட வேண்டும். இதைச் செய்யாமல் வயரில் கை வைத்தவர்களின் படங்கள் வகுப்புச் சுவரில் மாலையோடு தொங்கின. நிஸா எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்வாள். ஆனால் அவள் கையில் டெஸ்டர் அணைவதே இல்லை. செத்த வயரிலும் எரியும், மேசையிலும் எரியும், பாடம் எடுக்கும் லெஸ்லி சேரின் மூக்குக் கண்ணாடியிலும் எரியும். இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவையும் தோற்றால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

அவளுக்குக் கவலையை வரவழைத்தால் வெளிச்சம் இறங்கும் என்று ஊர் தீர்மானித்தது. ஆமினா உம்மா மூதூரில் நடந்த மௌத்துகளை எல்லாம், யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். அழுதது ஆமினா உம்மாதான். இன்ஷாபிடம், பெஞ்சாதியைப் போனில் நல்லாய் ஏசச் சொன்னார்கள். அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு, போன பெருநாளைக்கு அவள் வட்டிலப்பம் அவித்து அந்த இனிப்பைக் கெடுத்த சீரைச் சொல்லி ஏசத் தொடங்கினான். பாதியில் அவனே சிரித்துவிட்டான். நிஸா மற்றக் கையில் பிடித்திருந்த பல்ப் கூடுதலாக எரிந்ததுதான் மிச்சம். அவளுக்கு உள்ளூரப் பயமிருந்தது, இரவில் நித்திரையும் வரவில்லை. ஆனாலும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும் சந்தோஷம் வந்து பக்கத்தில் குந்திவிடும். வேலை பிடித்துப்போனவளை என்ன செய்வது?

வழி பாடத்துக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் லெஸ்லி சேர் எர்த் பற்றிப் படிப்பித்தார். மெஷினில் கரண்ட் கசிந்தால் ஒரு வயரால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய் விடவேண்டும், மண் எதையும் வேண்டாம் என்று சொல்லாது என்றார். மற்றவர்கள் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். நிஸா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

மூன்றாம் சோதனை ஆவணியில், மண் பொரிந்து கிடந்த நாளில் வந்தது. பரிசோதகர் பிரகலாதன் வெளியூர்க்காரர், சிரித்தால் புள்ளி குறைந்துவிடும் என்பதுபோல இருப்பார். நிஸா பச்சையும் மஞ்சளுமான வயரின் ஒரு நுனியைச் சீவி வலது கணுக்காலில் சுற்றினாள். மறு நுனியை யன்னலால் வெளியே விட்டு, முற்றத்தில் அடித்திருந்த எர்த் கம்பியில் பூட்டினாள். பிரகலாதன் பேனாவை வைத்தார்.

"என்ன செய்யிறீங்கள்? மண்ணோட கட்டின ஆள் கரண்டில தொட்டா உயிர் மிஞ்சாது. தெரியுமோ?"

"தெரியும் சேர். நான் சரியா நிப்பாட்டியிருந்தா எனக்கு ஒண்டும் ஆகாது. பிழையா நிப்பாட்டியிருந்தா எனக்குச் சான்றிதழ் தேவைப்படாது."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதிகளில் இதற்கு இடம் இருக்கவில்லை, தடையும் இருக்கவில்லை. செய்யுங்கள் என்றார். நிஸா மெயின் சுவிட்சை நிறுத்தி டெஸ்டரைக் கையில் எடுத்தாள். அது எரிந்தது. முன்பைவிட மங்கல், ஆனாலும் எரிந்தது. பரிசோதகர் பேனாவை எடுத்தார்.

யன்னலுக்கு வெளியே வகுப்புப் பிள்ளைகளோடு நின்ற உப்புவெளி றிக்சனுக்குத்தான் முதலில் விளங்கியது. காய்ந்த மணல் எதையும் உள்ளே எடுக்காது. எர்த் குழிக்கு ஈரம் வேண்டும், உப்பும் கரியும் வேண்டும். அவன் தேநீர்க்கடை வாளியோடு ஓடினான். வகுப்பு முழுவதும் பின்னால் ஓடியது. ஒருவன் குசினியிலிருந்து உப்புப் பேணியோடு வந்தான், ஒருவன் அடுப்புக்கரியை மடியில் அள்ளி வந்தான், தோட்டக்காரப் பெண் கமலேஸ்வரி குழாயையே இழுத்து வந்து பிடித்தாள். மண் மொடக்மொடக்கென்று குடித்தது. உள்ளே நிஸாவுக்கு உச்சந்தலையிலிருந்து என்னவோ மெதுவாக வழிந்து, முழங்கால் தாண்டிப் பாதத்தால் இறங்கியது. கையிலிருந்த டெஸ்டர் அணைந்தது. மாதக்கணக்கில் அவள் காணாத இருட்டு, அவ்வளவு அழகாக இருந்தது. சந்தோஷம் எங்கேயும் போய்விடவில்லை, காலுக்குக் கீழேதான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கரண்ட் உள்ள இடத்தில் தொட்டாள், எரிந்தது. நிறுத்திய வயரில் தொட்டாள், எரியவில்லை. மறுபடி முதல் இடத்தில் தொட்டாள், எரிந்தது. பிறகு வெறுங்கையால் செத்த வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரகலாதன் தாளில் 'சித்தி' என்று எழுதினார், அவள் தேறிவிட்டாள். அப்போது அவர் சிரித்ததாக றிக்சன் சொல்கிறான், மற்றவர்கள் காணவில்லை.

அந்த முற்றத்துப் புல்லைத்தான் திருகோணமலை நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் வழமையாக மேயும். அன்று பின்னேரமும் மேய்ந்தன. பொழுதுபட்டதும் அவற்றின் புள்ளிகள் வெளிச்சம் விட்டன. மான் கூட்டம் மணியோசை கேட்ட கோயில் பக்கமும், பஸ் நிலையமும், கடற்கரையுமாக மின்னிக்கொண்டு திரிந்தது. வளைவில் மான் குறுக்கே வருவதை இப்போது தூரத்திலேயே காணலாம் என்று ஆட்டோக்காரர்கள் திருப்திப்பட்டார்கள். சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்தார்கள். மாரி மழையோடு அது மங்கிவிட்டது.

மூதூரில் நிஸா முதலில் எடுத்தது ஆமினா உம்மா வீட்டு வேலை. கணுக்காலில் வயரைச் சுற்றி, முருங்கைக்கடியில் கம்பியை அடித்து, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். அவள் வேலை செய்து முடிப்பதற்குள் முருங்கை இலை ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாக எரியத் தொடங்கியது. ஆமினா உம்மா துடைப்பக் கட்டையை மூலையில் சாத்திவிட்டு, விரலாலே சுவிட்சைத் தட்டினார். வீட்டுக்குள் விளக்கு வந்தது. தட்டி அணைத்தார், மறுபடி தட்டினார், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். இப்போது அந்தத் தெருவில் வயரிங் முடிந்தால் பெண்கள் முதலில் வெளியே வந்து முருங்கையைத்தான் பார்ப்பார்கள். அது எரியாவிட்டால், எங்கேயோ ஒரு இணைப்பு இறுகவில்லை, மறுபடி பாருங்கோ என்று நிஸாவைத் திருப்பி அனுப்புவார்கள். அவளும் போய்ப் பார்ப்பாள், இறுகாத ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அன்று ஆமினா உம்மா எரிகிற இலையில் ஒரு பிடி ஒடித்துச் சுண்டல் செய்து, நிஸாவுக்குச் சோறு போட்டார்.

"எப்படி மகள் இருக்கு?"

நிஸா மென்று பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு, உப்புத்தான் கொஞ்சம் கூட என்றாள். எர்த் குழிக்குப் போட்ட உப்பாக்கும் என்று சொல்லிவிட்டு, ஆமினா உம்மா இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.